பி.எட்.: இரண்டு வருஷத்துக்கு என்ன கிடைக்கிறது? வடசென்னையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஜூன், ஜூலை வந்தால் மூலக்கடை சிக்னல் முதல் தங்கசாலை வரை மின்பெட்டிகளில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களில் பி.எட். நோட்டீஸும் ஒன்று. பெரிய எழுத்தில் "அட்மிஷன் நடைபெறுகிறது". கீழே சின்ன எழுத்தில் "வேலைக்குப் போகிறவர்களும் சேரலாம்". ஆசிரியர் ஆக நினைப்பவர் நின்று படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். பி.எட்.டில் காசு கொடுத்து வாங்குவதற்கு உருப்படியான சரக்கு ஒன்றே ஒன்று: வகுப்பறையில் நின்று பழகும் நாட்கள். வரவே வேண்டாம் என்கிற கல்லூரி, சரக்கை எடுத்துக்கொண்டு வெறும் பையை விற்கிறது.

நம் ஊரில் ஆசிரியருக்கு "உரிமம்" என்று தனித்தாள் கிடையாது. மூன்று பூட்டு இருக்கிறது. முதல் பூட்டு பி.எட்., இரண்டாவது டெட் என்னும் தகுதித் தேர்வு, மூன்றாவது ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு. அரசுப் பள்ளியில் 6 முதல் 10 வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு மூன்றும் வேண்டும். 11, 12ஆம் வகுப்புக்கான முதுநிலை ஆசிரியர் என்றால் முதுகலைப் பட்டம், பி.எட்., அதற்கான தனிப் போட்டித் தேர்வு. பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. தொடக்க வகுப்புகளுக்கு டி.எல்.எட். என்னும் தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தவர்தான்.

பி.எட். 2015 முதல் இரண்டு வருஷம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி வருஷத்துக்கு 200 வேலை நாள், வாரம் 36 மணி நேரம். வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை. பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் வருஷம் 4, இரண்டாம் வருஷம் 16. அந்த 16 வாரத்தை வாரம் 5 நாள் கணக்கில் 80 வேலை நாள் என்று வைத்தால், 72 நாள் பள்ளியில் இருந்தாக வேண்டும். லீவுக்கு மிஞ்சுவது 8 நாள். காய்ச்சல், கல்யாணம், அக்கா பிரசவம் எல்லாம் இந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். வேலையை விடாமல் பி.எட். படிக்கலாம் என்ற பேச்சு இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

தொலைதூரக் கல்வியில் பி.எட். உண்டே என்று கேட்பவர்களுக்கு: உண்டு, ஆனால் அது ஏற்கெனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்காக வைத்த வழி. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு நேராக அதில் சேர முடியாது. "நாங்க பார்த்துக்கிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

எந்தக் கல்லூரி?

மாநிலத்தில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. இவற்றில் சுமார் 2,040 இடங்கள் இளநிலைப் பட்ட மதிப்பெண் அடிப்படையில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே நிரப்பப்படுகின்றன. குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. நுழைவுத் தேர்வு இல்லை. இந்த 2,040க்குள் வந்துவிட்டால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. வெளியே விழுந்தால் சுயநிதிக் கல்லூரிதான்.

திருவொற்றியூர், விம்கோ நகர், தண்டையார்பேட்டை ஆட்கள் இன்றைக்கு விருப்பப் பட்டியலில் முதலிடத்தில் வைக்க வேண்டியது சைதாப்பேட்டை கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம். 1856இல் தொடங்கியது. (ராயபுரம் ரயில் நிலையத்துக்கும் அதே வயதுதான். வரலாறு பாடத்துக்கு பி.எட். எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) முன்பு வடசென்னையிலிருந்து சைதாப்பேட்டை என்றால் பாதி உயிர் பிராட்வே நெரிசலிலேயே போய்விடும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு வண்டி மாறாமல் சைதாப்பேட்டையில் இறங்கலாம். வளாகத்தை ஒட்டியே அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளி இருப்பது பெரிய வசதி. ஒரு பாடத்தைக் காலையில் விரிவுரையில் கேட்டு, மறுநாளே பிள்ளைகள் முன் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு எல்லாக் கல்லூரியிலும் அமையாது.

பெண்களுக்கு இன்னும் இரண்டு நல்ல இடங்கள். கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லத்தை ஒட்டிய லேடி வெலிங்டன், அரசுக் கல்லூரி. அதன் வளாகத்திலும் பள்ளி உண்டு. வேப்பேரியில் இருக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ், பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி ஆட்களுக்குக் கைக்கெட்டும் தூரம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் விழாது. ராயப்பேட்டை மெஸ்டன் கல்லூரியையும் கலந்தாய்வுப் பட்டியலில் வைக்கலாம், ஆனால் வடக்கிலிருந்து மெட்ரோவுக்கு மேல் ஒரு பஸ்ஸும் பிடிக்க வேண்டும். ஒன்பதரை மணி வகுப்புக்கு எண்ணூரிலிருந்து கிளம்புபவர் இதை யோசித்துத்தான் விருப்பப் பட்டியலில் மேலே கீழே வைக்க வேண்டும். கல்லூரிப் பெயரைவிட வருகைப் பதிவேடுதான் பலரைக் கவிழ்த்திருக்கிறது.

செங்குன்றம் தாண்டியும் பொன்னேரிப் பக்கமும் சுயநிதிக் கல்லூரிகள் இருக்கின்றன. கும்மிடிப்பூண்டி ரயிலில் காலையில் வடக்கே போகும் திசை கூட்டம் குறைவு, அது லாபம். சேரும் முன் நான்கு கேள்வி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகார ஆணை இந்தக் கல்லூரியின் பெயரிலும் இதே முகவரியிலும் இருக்கிறதா? தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு நடப்பு ஆண்டுக்கு உண்டா? 100 மாணவர் சேர்க்கை என்றால் முழுநேர ஆசிரியர் 16 பேர் இருக்க வேண்டும்; உங்கள் பாடத்துக்கு, எடுத்துக்காட்டாக இயற்பியலுக்கு, தனி ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை கணக்கு ஆசிரியரே இரண்டையும் ஓட்டுகிறாரா? நான்காவது, பயிற்சிக்கு எந்தப் பள்ளிகள்? இந்த நான்காவதுக்குப் பதில் "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால், கடைசியில் நீங்களே சர்டிஃபிகேட் முத்திரைக்காகப் பள்ளி பள்ளியாக அலைவீர்கள். கட்டணத்தைப் பொறுத்தவரை அரசுக் குழு நிர்ணயித்த தொகையைக் காட்டச் சொல்லி, கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். "ரெக்கார்டு ஃபீஸ்" (ரெக்கார்டு என்பது செய்முறைப் பதிவேடு), "கமிஷன் ஃபீஸ்" (கமிஷன் என்பது வெளித் தேர்வாளர் வந்து பார்க்கும் செய்முறைத் தேர்வு) என்று துண்டுச்சீட்டில் வாங்குவது பல இடத்தில் உள்ள பழக்கம். அது கட்டணம் அல்ல.

சேரும்போதே கவனிக்காமல் பின்னால் அழுகிற இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, பட்டத்தின் பெயர். கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், தமிழ், ஆங்கிலம், வரலாறு, புவியியல் என்றால் சிக்கலில்லை. உயிர்வேதியியல், மின்னணுவியல் மாதிரி பக்கத்துப் பாடங்களுக்கு, அது தாய்ப் பாடத்துக்குச் சமம் என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கல்லூரி சேர்த்துக்கொள்ளும், பட்டமும் வரும், வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு மேஜையில் நின்றுவிடும். பொருளியலும் வணிகவியலும் படித்தவர்கள் முதுகலை முடித்த பிறகே பி.எட்.டுக்கு வர முடியும்.

இன்னொன்று, படிக்கும் மொழி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். பதவிக்குக் கேட்கும் கல்வித் தகுதியில் பி.எட்.டும் சேர்த்தி. மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு தொடங்கிக் கல்லூரி வரை தமிழ்வழி வந்த பிள்ளை, பி.எட்.டில் மட்டும் "இங்கிலீஷ்ல எழுதினா மதிப்பு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்டால், பதினைந்து வருஷச் சேமிப்பு ஒரு டிக் மார்க்கில் போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

எழுத்துப் பாடங்கள் ஒன்றும் மலை இல்லை. குழந்தைப் பருவமும் வளர்ச்சியும், தற்கால இந்தியாவும் கல்வியும், கற்றலும் கற்பித்தலும், மதிப்பிடுதல், உள்ளடக்கிய கல்வி, அப்புறம் உங்கள் பாடத்துக்கான கற்பித்தல் முறை. பியாஜே, வைகாட்ஸ்கி, புளூம் என்று கல்வி உளவியலாளர் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். டெட் தேர்விலும் இவர்களே வருவார்கள் என்பதால் முதல் வருஷமே ஒழுங்காகக் குறிப்பெடுத்தால் இரண்டு செலவு ஒன்றாகும். நாட்டு எல்லாக் கல்விக் குழுக்களின் வருஷத்தையும் மனப்பாடம் செய்ய வைப்பது மட்டும் காலவிரயம்.

படிப்பின் உயிர் செய்முறையில் இருக்கிறது. முதலில் மைக்ரோ டீச்சிங். ஐந்து முதல் பத்து சக மாணவர்கள் பிள்ளைகளாக உட்கார, ஒரே ஒரு திறனை மட்டும் பழகுவது: பாடம் தொடங்குதல், விளக்குதல், கிளர் கேள்வி (பதிலை ஒட்டித் துருவும் கேள்வி) கேட்டல், கரும்பலகைப் பயன்பாடு, ஊக்கமூட்டல் என்று ஒவ்வொன்றாக. ஒரு சுற்று 36 நிமிஷம். கற்பித்தல் 6, கருத்துரை 6, திட்டத்தை மாற்றி எழுத 12, மறுபடி கற்பித்தல் 6, மறுபடி கருத்துரை 6. இதில் கெட்டுப்போவது நடுவில் இருக்கும் அந்த 12 நிமிஷம். பெரும்பாலான கல்லூரிகளில் முதல் ஆறு நிமிஷத்தோடு கைதட்டி அனுப்பிவிடுகிறார்கள். மிச்சம் ரெக்கார்டில் மட்டும் நடக்கிறது. மாற்றி எழுதி மறுபடி நின்றால்தான் திறன் ஏறும். உங்கள் கல்லூரி செய்யாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து மாலையில் காலி வகுப்பறையில் செய்துகொள்ளலாம், இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அடுத்த தவறு, ஆறு நிமிஷத்தில் முழுப் பாடத்தையும் கொட்டுவது. கேள்வி கேட்கும் திறன் என்றால் ஆறு நிமிஷமும் கேள்விதான். ஒரு பிள்ளை தவறாகச் சொன்னதும் "உட்காரு" என்னாமல் அடுத்த துணைக்கேள்வி போட வேண்டும்.

அடுத்தது லெசன் பிளான். ஒரு பீரியடு 40 அல்லது 45 நிமிஷம். ஊக்குவிப்புக்கு 5, பாட வளர்ச்சிக்கு 25, தொகுத்துரைக்க 5, மதிப்பீட்டுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் மிச்சம். புதியவர்கள் நோக்கங்கள் பத்து எழுதுவார்கள், அதிலும் "மாணவர் புரிந்துகொள்வார்" என்று. புரிந்ததை எப்படி அளப்பது? "இரண்டு எடுத்துக்காட்டு தருவார்", "வேறுபடுத்திக் காட்டுவார்", "படம் வரைந்து பாகம் குறிப்பார்" என்று கண்ணால் பார்க்கக்கூடிய வினையாக எழுதினால் மூன்று நோக்கமே ஒரு பீரியடுக்குப் போதும். ஊக்குவிப்பை மாதிரிப் புத்தகத்திலிருந்து காப்பி அடிப்பது அடுத்த வியாதி. காசிமேட்டுப் பிள்ளையிடம் அடர்த்தி பற்றித் தொடங்க இல்லாத வயலும் வரப்பும் எதற்கு? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்து நீர்மேல் எண்ணெய் படர்ந்து நின்றதைக் கேளுங்கள், வகுப்பே பதில் சொல்லும். உப்புநீர், நன்னீர் வேறுபாட்டுக்குத் தெருக் குழாயும் கடலும் பக்கத்திலேயே இருக்கின்றன.

சார்ட், தெர்மாகோல், கலர்ப் பேப்பர் எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கினால் கைக்கு அடக்கம்; நான்கு பேராகப் போய்ப் பிரித்துக்கொள்வது நல்லது. ஆனால் கடையில் செய்து விற்கும் மினுமினுப்பான மாடலுக்குக் காசு கொட்ட வேண்டாம். கடைசி பெஞ்சிலிருந்து எழுத்து தெரியாத சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண். எழுதி முடித்ததும் வகுப்பின் கடைசிச் சுவரில் முதுகு சாய்த்து நின்று படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த ரெக்கார்டுகளில் நாம் அதிகம் மதிப்பு வைப்பது தேர்வும் அளவீடும் என்ற ஒன்றின் மேல். வினாத்தாளுக்குப் புளூபிரிண்ட் (எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் என்ற திட்டம்) போட்டு, பயிற்சிப் பள்ளியில் நிஜமாகவே தேர்வு வைத்து, மதிப்பெண்ணைக் கொண்டு சராசரி, திட்ட விலக்கம், ஒவ்வொரு கேள்வியின் தரம் எல்லாம் கணக்கிட வேண்டும். 40 பிள்ளைகள் எழுதினார்கள் என்றால் மதிப்பெண் வரிசையில் மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம், அதாவது 11 பேர், 11 பேர். ஒரு கேள்விக்கு மேல் 11இல் 9 பேர், கீழ் 11இல் 4 பேர் சரியாக எழுதினால், 22இல் 13, சுமார் 59 சதவீதம்: நடுத்தரக் கடினம். 9இலிருந்து 4ஐக் கழித்து 11ஆல் வகுத்தால் 0.45: படித்தவரையும் படிக்காதவரையும் நன்றாகப் பிரிக்கும் கேள்வி. இந்த எண் மைனஸில் வந்தால் கேள்வியில் குழப்பம் இருக்கிறது, அல்லது விடைக்குறிப்பே தப்பு. வேலைக்குப் போன பிறகு இருபது வருஷம் உதவும் கணக்கு இது. இதைத்தான் முந்தைய பேட்சின் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். கமிஷன் அன்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பத்து ரெக்கார்டைப் புரட்டி, எல்லாவற்றிலும் ஒரே திட்ட விலக்கம் இருப்பதைப் பார்த்ததும் கேள்வி கேட்கத் தொடங்குவார்.

16 வாரப் பயிற்சியில் கைடு டீச்சர் அமைவதுதான் அதிர்ஷ்டம். சில பள்ளிகளில் பயிற்சி மாணவர் வந்ததும் "சப்ஸ்டிட்யூட் பீரியடு" எல்லாம் அவர் தலையில் விழும். நாளுக்கு ஒன்றிரண்டு போகலாம், அதுவும் பழக்கம்தான். ஆறும் போனால் உங்கள் பாடத் திட்டத்தை எப்போது எழுதுவது, அடுத்தவர் வகுப்பை எப்போது கவனிப்பது? தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே கால அட்டவணை எழுத்தில் வாங்கிக்கொண்டால் இந்தத் தகராறு பாதி குறையும். செயல் ஆராய்ச்சியையும் தனியாள் ஆய்வையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஒரு வகுப்பின் சிக்கலுக்கு (எட்டாம் வகுப்பில் பின்னக் கூட்டல் வரவில்லை) முன்தேர்வு, தலையீடு, பின்தேர்வு வைத்துப் பார்ப்பது முதலாவது, ஒரு பிள்ளையை மட்டும் ஆழமாகக் கவனிப்பது இரண்டாவது. அந்தப் பிள்ளையின் பெயரையும் வீட்டு விவரத்தையும் ரெக்கார்டில் அப்படியே எழுதிவைப்பது அநியாயம். எழுத்துக் குறி போதும்.

பட்டம் கையில் வந்த பிறகு

இங்கேதான் இந்தப் படிப்பின் பெரிய ஓட்டை. பி.எட். எந்தப் போட்டித் தேர்வுக்கும் தயார் செய்வதில்லை. டெட் இரண்டாம் தாள் 150 மதிப்பெண், 3 மணி நேரம்: குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் அல்லது வேறு மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30, மிச்சம் 60 கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். தவறான விடைக்குக் கழிவு இல்லை. பொதுப் பிரிவுக்குத் தேர்ச்சி 90. மற்ற பிரிவுகளுக்கான தளர்வை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். தாவரவியல் படித்தவர் கணிதமும் எழுத வேண்டும் என்பது பலருக்கு ஹால் டிக்கெட் வரும்போதுதான் உறைக்கிறது. தமிழ், ஆங்கிலம் படித்தவர்கள் இரண்டில் எதையும் எடுக்கலாம்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது டெட் நடக்க வேண்டும் என்பது ஏட்டில். நடப்பில் 2012, 2013, பிறகு 2017, 2019, 2022 அறிவிக்கை, அடுத்தது 2025 நவம்பர். ஆகவே பி.எட். கடைசி வருஷத்தில் இருக்கும்போது அறிவிக்கை வந்தால், படித்துக்கொண்டிருப்பவரும் விண்ணப்பிக்கலாம் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து உடனே போட்டுவிட வேண்டும். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு பணியில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் எழுத வேண்டிய நிலை. அதன் பிறகு வாரியத்தின் போட்டித் தேர்வு. 2024 பிப்ரவரியில் நடந்ததில் 50 மதிப்பெண்ணுக்குக் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் 150 மதிப்பெண் பாடத்தாளைத் திருத்துவார்கள்.

கோச்சிங் சென்டர்களுக்குப் பெரம்பூரிலும் பஞ்சமில்லை, பல இடங்களில் விற்பது பள்ளிப் பாடநூலின் சுருக்கம்தான். ஆறு முதல் பத்து வரை அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். தாளாக வேண்டுமென்றால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வளாகத்தில் கிடைக்கும். கோச்சிங்கில் காசு கட்டுவதாக இருந்தால் பலவீனமான பகுதிக்கு மட்டும் கட்டுங்கள், பெரும்பாலும் அது ஆங்கிலம் அல்லது கணக்கு. வாராவாரம் தேர்வு வைத்து விடைத்தாளைத் திருப்பித் தருகிறார்களா என்று பார்த்துக் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை நூறு பேரை உட்கார வைத்துப் பவர்பாயிண்ட் காட்டுவது வகுப்பு அல்ல. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பவர்களுக்குக் கொளத்தூர் ஜெகநாதன் தெருவில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

யாருக்கு இது சரிவராது? பகல் வேலையை விட முடியாதவருக்கு, "சும்மா ஒரு டிகிரி இருக்கட்டும்" என்பவருக்கு, கல்யாணத் தேதி இரண்டாம் வருஷப் பயிற்சிக்கு நடுவில் விழுகிறவருக்கு. அந்தக் கடைசி ஆள், தேதியைத் தள்ளிவைக்க வீட்டில் பேச முடிந்தால் பேசலாம். இல்லையென்றால் அடுத்த வருஷம் சேருவதே மேல், 72 நாளை யாரும் குறைத்துத் தரப்போவதில்லை.